இஸ்கோடா வண்டிக்குப் பூ

ஆவடியை அடுத்த கோவில்பதாகை ஊரில் நின்றுகொண்டு "சம்பத்" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர் கரண்டு சம்பத். மார்க்கெட்டில் மீன் விற்பவர் கெளுத்தி சம்பத். மூன்றாமவர்தான் நம்முடைய ஆள், இஸ்கோடா சம்பத். மற்ற இருவருக்கும் பட்டப்பெயரைச் சொன்னால் கோபம் வரும். இவருக்குச் சொல்லாமல் விட்டால் கோபம் வரும்.

பெயர் வந்த கதை இதுதான். அப்பா விட்டுப்போன கழனி மனைகளாக விலைபோனபோது பங்காளிகள் எல்லாரும் மாடி வீடு கட்டினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை வைத்திருந்த சம்பத் மட்டும் கருநீல ஸ்கோடா ஆக்டேவியா ஒன்றை வாங்கிவந்து ஓட்டு வீட்டு வாசலில் நிறுத்தினார். அம்பாசிடரும் மாருதியும் போய்வந்த தெரு அது. புதுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஸ்கூலை இஸ்கூல் ஆக்கிய ஜனங்கள் ஸ்கோடாவை இஸ்கோடா ஆக்கினார்கள். அந்தப் பெயர் கொஞ்ச நாளில் வண்டியிலிருந்து இறங்கி ஆள் மேல் ஏறிக்கொண்டது.

சம்பத் அந்தப் பெயருக்குத் தகுந்தபடி நடந்துகொண்டார். டீக்கடையில் யாராவது வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போச்சு, அவர்கள் டீ ஆறிவிடும். ரெண்டு பேர் சேர்ந்து முதலில் சைக்கிள் செய்தார்கள், அப்புறம் மோட்டார் சைக்கிள், அதற்கப்புறம்தான் கார், நூறு வருஷத்துக்கு மேலே ஆன கம்பெனி என்று தொடங்குவார். ஆக்டேவியா என்றால் எட்டு என்று அர்த்தம், எட்டாவதாக வந்த மாடல் என்று வைத்த பெயர் என்பார். "எட்டாவதுன்னா சும்மாவா. தேவகிக்கு கிருஷ்ணன் எத்தினியாவது புள்ள?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அதே கம்பெனியிலிருந்து பின்னால் வந்த லாரா, ஃபேபியா, ரேபிட் எல்லாம் அவருக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. வளர்ந்தால் சரி, நம்மை விட வளராமல் இருந்தால் இன்னும் சரி. அண்ணன் முறைக்குப் பெரிய வண்டியான சூபர்ப் ஒன்றுக்குத்தான் ரோட்டில் வழிவிடுவார்.

சாவியை மட்டும் யாரிடமும் கொடுத்ததில்லை. பெண்டாட்டி லாவண்யா ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய மாருதி ஒன்றைத் தனியாக வாங்கி ஓட்டினாளே தவிர, ஆக்டேவியாவின் ஸ்டேரிங்கைத் தொட்டதில்லை. பூந்தமல்லி மெக்கானிக் பஷீருதீன் பழுது பார்த்துவிட்டு ஓட்டிப் பார்க்கும்போதுகூடப் பக்கத்து சீட்டில் சம்பத் உட்கார்ந்திருப்பார். சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான், ஓட்டுவதும் அவர்தான். கோவிலிலிருந்து மண்டபம் வரைக்கும், மேளத்துக்குப் பின்னால், பூவும் விளக்குமாக ஊர்ந்து போகிற அந்த அரை மணி நேரத்தில் ஜனங்கள் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

இந்த வாழ்க்கையில்தான் சகலை வினோத் ஒரு நாள் கோடியாக் என்ற புது ஸ்கோடாவைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

வினோத் லாவண்யாவின் தங்கை தேவிப்பிரியாவைக் கட்டியவன். திருமழிசையில் டைல்ஸ் கடை. குத்தம்பாக்கத்தில் பஸ் நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் சுற்றுவட்டாரத்தில் வீடுகள் முளைத்தன, முளைத்த வீடுகளுக்கெல்லாம் தரை வேண்டியிருந்தது. அவனுடைய மாப்பிள்ளை அழைப்பும் இந்த ஆக்டேவியாவில்தான் நடந்தது. அதைச் சம்பத் வருஷத்துக்கு நாலு தடவையாவது நினைவுபடுத்துவார். இரண்டு தெரு தள்ளி வீடு கட்டிக் குடிவந்தவன், அதே கம்பெனியின் பெரிய வண்டியாகப் பார்த்து வாங்கி, கோவிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிய டயர் ஈரம் காய்வதற்குள் நேராகச் சம்பத் வீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தான்.

"மொத மொத உங்க கிட்டதான் கொண்டாந்தேன், அண்ணாத்தே. ஏறிப் பாருங்க."

சம்பத்துக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று தமக்கே தெரிந்ததில் இன்னும் கொஞ்சம் எரிந்தது. சுற்றி வந்து பார்த்தார். வெள்ளை நிறம், ஆள் உயரத்துக்கு நின்றது. பக்கத்திலிருந்த ஆக்டேவியா அதன் இடுப்புக்கு வந்தது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். டப்பா சத்தம் வரவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டுதான் சாத்தினார். ஆக்டேவியாவின் கதவு எப்படிச் சாத்துமோ அதே கனத்தோடு, அதே "தொப்" சத்தத்தோடு சாத்திக்கொண்டது. அந்தச் சத்தத்தை அவர் மன்னிக்கவே இல்லை.

"இன்னா இது, டிவி பொட்டிய தூக்கி உள்ள வெச்சிக்கீறான்," என்றார் திரையைப் பார்த்து. "இப்ப வர்றதே இப்டிதான். குஷாக், கைலாக், கோடியாக். விக்கல் எடுக்கற மாதிரி பேரு."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கரண்டு சம்பத் காதில் கடைசிப் பெயர் மட்டும் விழுந்தது. "இன்னாது, கோடியா? அத்தாம் பெரிய வண்டியா? பேர்லயே கோடி கீதே."

"கோடில்லாம் கெடையாது. பாதிகூட வராது," என்றார் சம்பத்.

"நீ இன்னாத்துக்கு கொறச்சி சொல்ற? ஒன்துதான் பழசு, அவன்து புதுசு, சொல்லிட்டுப் போயேன்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் வினோத் கோடி ரூபாய்க் கார் வாங்கிவிட்டான். பாதிப் பேர் அதைக் கோடி வண்டி என்றார்கள். மீதிப் பேர் சொன்னதுதான் சம்பத்தைக் கொன்றது. அவர்கள் அதைப் புது இஸ்கோடா என்றார்கள். ஆடி மாதக் கூழ் ஊற்றுவதற்கு வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று, "இது பழைய இஸ்கோடா ஊடு, எழுதிக்கோ. அடுத்து புது இஸ்கோடா ஊட்டுக்குப் போவணும்," என்று பேசிக்கொண்டார்கள். சம்பத் உள்ளே சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு அந்த வண்டி வேண்டும் என்பதல்ல. அந்த வண்டி இல்லாமல் போகவேண்டும், அவ்வளவுதான்.

சோற்றில் உப்பு இல்லை என்றார். ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். லாவண்யாவுக்கு எல்லாம் புரிந்தது. "தங்கச்சி வாங்கினா எனக்கே இல்லாத வயித்தெரிச்சல் உனக்கு இன்னாத்துக்கு?" என்று நேராகவே கேட்டாள்.

"எனக்கு இன்னா வயித்தெரிச்சல்? அஜீரணம்," என்றார் சம்பத்.

அஜீரணம் முற்றுகிற மாதிரி அடுத்த செய்தி வந்தது. லாவண்யாவின் அண்ணன் வெங்கட்டின் மகன் அஜித்குமாருக்கு அயனம்பாக்கத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். மண்டபம் பருத்திப்பட்டில். வெங்கட் பத்திரிகை வைக்க வந்தபோது மாப்பிள்ளை அழைப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காபியைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்து, மறுபடியும் கையில் எடுத்து, அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"புள்ள ஆசப்படுறான், மாப்ள. வினோத் வண்டில மேல கண்ணாடி தொறக்குது இல்ல, அதுல நின்னுகினு போட்டோ எடுக்கணுமாம். நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னா சொல்றது, மச்சான்? போவட்டும். எனக்கும் ஒரு நாளு ஓய்வு வாணாமா," என்றார் சம்பத். சொன்ன குரல் அவருக்கே நன்றாகத்தான் இருந்தது. வெங்கட் தெருமுனை திரும்புகிற வரைக்கும் சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் வண்டியைப் பூந்தமல்லிக்கு ஓட்டிக்கொண்டு போய், பாலிஷ் போடச் சொன்னார். பஷீருதீன் பானெட்டின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். "கல்யாணமா நைனா? ஜோடனைக்குப் போவுதா?"

"இல்ல பாய். சும்மா. கூட்டத்துல நிக்கணும் இல்ல, அதான்."

"உங்க சகலை போன வாரம் இந்தப் பக்கம் வந்தாரு. உங்க வண்டி எப்டிகீது, விக்கிற ஐடியா கீதான்னு கேட்டுகினு இருந்தாரு."

சம்பத்துக்குக் காது மடல் சூடாகியது. புதுசும் அவனுக்கே, பழசும் அவனுக்கேவா? ஒரு வீட்டில் ரெண்டையும் நிறுத்திவிட்டு, ஊரில் இஸ்கோடா என்றால் அவன் ஒருத்தன்தான் என்று ஆக்கிவிடப் பார்க்கிறானா? "விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லு பாய். நான் செத்தாலும் இல்லன்னு சொல்லு," என்றார். பஷீருதீன் ஏன் இவ்வளவு சூடு என்று புரியாமல் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மதியம் லாவண்யா முன்னாலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சம்பத் மட்டும் வெள்ளை வேட்டியைப் பாதி கட்டிக்கொண்டு நின்றபோது வாசலில் மினி வேன் வந்து நின்றது. ஆவடி மார்க்கெட்டில் வண்டி ஜோடனை செய்கிற முனியன் இறங்கினார். கூடை கூடையாக ரோஜாவும் சம்பங்கியும் பின்னால் இறங்கின.

"வெங்கட் அண்ணன் போன் போட்டாரு. இஸ்கோடா வண்டிக்குப் பூ போட்டுடுன்னாரு. கதவ தொறங்கண்ணே, நேரமாவுது."

சம்பத்துக்கு உடனே விளங்கிவிட்டது. வெங்கட் எந்த இஸ்கோடாவைச் சொன்னார் என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. "இது இல்லப்பா, ரெண்டு தெரு தள்ளிப் போ," என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் முனியன் பூமாலையை பானெட்டின் மேல் நீளவாக்கில் போட்டு அளவு பார்க்க ஆரம்பித்திருந்தார். கருநீலத்தின் மேல் வெள்ளைச் சம்பங்கி. அந்த நிறத்தின் மேல் அந்தப் பூ எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் சம்பத்தின் பாடு தெரியும்.

"முன்னாடி இன்னும் கொஞ்சம் அடர்த்தியா போடு," என்றார் சம்பத்.

பிள்ளையார் கோவில் வாசலில் வெளிச்சம் மங்குவதற்கு முன்பே கூட்டம் கூடிவிட்டது. பேண்டு செட்காரர்கள் வாத்தியத்தை ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். அஜித்குமார் மாலையும் கழுத்துமாக, வியர்த்துக்கொண்டு நின்றான். ஒரு பக்கத்திலிருந்து தலையிலிருந்து வால்வரைக்கும் பூவாக ஆக்டேவியா வந்து நின்றது. இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு இதழ்கூட இல்லாமல் கோடியாக் வந்து நின்றது. வெங்கட் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பூக்காசு வாங்க வந்து நின்ற முனியனைக் கூப்பிட்டார்.

"யோவ், இஸ்கோடாவுக்குப் போடச் சொன்னா இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?"

"இஸ்கோடாவுக்குத்தாண்ணே போட்டேன். இஸ்கோடான்னா இதுதான? அது கோடி வண்டியாச்சே," என்றார் முனியன். அவர் குற்றம் அதில் ஒன்றும் இல்லை. ஆவடி மார்க்கெட் வரைக்கும் போய்ச் சேர்ந்த பெயர் அதுதான்.

சம்பத்துக்கு அந்த நிமிஷம் போதும் போலிருந்தது. ஊர் நடுவில், சொந்தபந்தம் எல்லாம் கேட்க, இஸ்கோடா என்றால் இதுதான் என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கோபுரத்தைப் பார்த்தார்.

தேவிப்பிரியா மட்டும் விடவில்லை. பட்டுப்புடவை சரசரக்க நேராக அவர் எதிரே வந்து நின்றாள். "ஏன் மாமா, பூ போடும்போது நீங்க ஊட்டுலதான இருந்தீங்க? எந்த வண்டின்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"இஸ்கோடான்னாங்க. நானும் சரின்ட்டேன்," என்றார் சம்பத். லாவண்யா தங்கைக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை மட்டும் அவரால் சந்திக்க முடியவில்லை.

பூவைப் பிரித்து மாற்ற நேரம் இல்லை. பிரித்தால் நல்லாவும் இருக்காது என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் வினோத்தைப் பார்த்தார்கள். அவன் சண்டை போடுவான் என்று சம்பத் எதிர்பார்த்தார், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். வினோத் ஆக்டேவியாவின் பக்கத்தில் போய், கதவில் ஒட்டியிருந்த ஒரு சம்பங்கியைச் சரிசெய்தான்.

"பிரிக்க வாணாம், மச்சான். ஷோக்கா கீது. இதுலயே போவட்டும்." அப்புறம் சம்பத்தைப் பார்த்துக் கையை நீட்டினான். "ஆனா ஒண்ணு. நான் ஓட்றேன். சாவி குடு, அண்ணாத்தே."

சம்பத் சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"என் கல்யாணத்துல மாலைய போட்டுகினு இதுல பின்னாடி குந்திகினு வந்தேன்," என்றான் வினோத். "மண்டபம் வர்ற வரைக்கும் நான் பொண்ண பத்தி நெனக்கவே இல்ல. நீ ஸ்டேரிங்க புடிச்சிகினு கீற கையதான் பாத்துகினு வந்தேன். அன்னிலேர்ந்து ஒரு தபா, ஒரே ஒரு தபா ஓட்டிப் பாருடான்னு நீ சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லல. வயிறு எரிஞ்சிதான் அந்த வண்டிய வாங்கினேன். வாங்கியும் ஆறல."

"பொண்ண பத்தி நெனக்கலியா?" என்றாள் தேவிப்பிரியா.

சம்பத் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஒருத்தன் தம்மைப் பார்த்துப் புழுங்கியிருக்கிறான் என்பது நேற்றுத் தெரிந்திருந்தால் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார். இப்போது நீட்டிய கை எதிரே இருந்தது. மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. நல்ல நேரம் போகிறது என்று ஐயர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். வெங்கட் மெதுவாக, "குடு மாப்ள," என்றார். சம்பத் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்த பிறகும் விரல் விடவில்லை. வினோத்தான் விரலைப் பிரித்து எடுத்துக்கொண்டான். அதே கையில் தன்னுடைய கோடியாக்கின் சாவியை வைத்து மூடினான்.

"கிளட்ச் கொஞ்சம் மேலதான் புடிக்கும்," என்றார் சம்பத். "ஊர்வலத்துல மொத கியர்லயே வெச்சிக்க. மேளம் நிக்கும்போது—"

"தெரியும்ணே. பாத்துகினேதான இருந்தேன்."

கோடியாக்கில் பெண்கள் ஏறிக்கொண்டார்கள். லாவண்யா முன் சீட்டில், தேவிப்பிரியா பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சம்பத்தின் இடது கால் கிளட்சைத் தேடியது, இடது கை கியரைத் தேடியது. இரண்டும் அந்த வண்டியில் இல்லை. கியர் ஸ்டேரிங் பக்கத்தில் ஒரு குச்சியாக இருந்தது. தங்கையோடு அதில் போய்வந்து பழகிய லாவண்யாதான் பொத்தானை அமுக்கச் சொல்லிக்கொடுத்தாள். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. தண்ணீரில் போகிற மாதிரிப் போயிற்று. எத்தனை நாள் வயிற்றெரிச்சலுக்குக் காரணமான வண்டி இப்போது அவர் கையில் இருந்தது, அவருக்கு அது எப்படி ஓடுகிறது என்று கவனிக்கத் தோன்றவில்லை.

முன்னால் ஆக்டேவியா போய்க்கொண்டிருந்தது.

அந்த வண்டி ரோட்டில் ஓடி அவர் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக உள்ளேதான் இருந்திருக்கிறார். நின்ற வண்டியைத் துடைத்திருக்கிறார், சுற்றிவந்து பார்த்திருக்கிறார். போகிற வண்டியைப் பார்த்ததில்லை. பின்பக்கம் இவ்வளவு அகலம் என்று அவருக்குத் தெரியாது. பள்ளத்தில் இறங்கும்போது அவசரப்படாமல் இறங்கி, சற்றே உட்கார்ந்து எழுந்தது. விளக்குத் தூக்குகிறவர்களின் வெளிச்சம் கருநீலத்தின் மேல் விழுந்து வழுக்கிக்கொண்டே போயிற்று. ஓரத்தில் நின்ற ஜனங்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையையா வண்டியையா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

ஒரு தடவை நின்றுபோகாதா என்று பார்த்தார். மேளம் நின்ற இடத்தில் நிற்கும், கிளப்பும்போது ஒரு குலுக்கல் குலுக்கும், மானம் போகும் என்று காத்திருந்தார். மேளம் நின்றது, வண்டி நின்றது, மேளம் கிளம்பியது, வண்டியும் கிளம்பியது. ஒரு இதழ்கூட உதிரவில்லை. அவரே ஓட்டியிருந்தாலும் அவ்வளவு பதமாகக் கிளப்பியிருக்க மாட்டார். வினோத்தின் முழங்கை ஜன்னலில் இருந்தது.

"இத்தினி நாளா இவ்ளோ அழகான வண்டியா நம்ம ஊட்டுல நின்னுகினு இருந்துச்சி?" என்றாள் லாவண்யா.

"இன்னா ஸ்டைலா ஓட்றாரு பாருக்கா," என்றாள் பின்னாலிருந்து தேவிப்பிரியா. கோபம் எங்கேயோ வழியில் இறங்கிப்போயிருந்தது.

சம்பத் கோடி வண்டியின் தோல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பழைய வண்டியை ஓட்டிப்போகிறவனைப் பார்த்துப் பார்த்துப் பொருமினார். இவனுக்கு வந்த வாழ்வைப் பாரேன் என்று நினைத்தார். அதைத் தாமே இத்தனை வருஷம் வாழ்ந்தது நினைவுக்கு வந்தும் பொருமல் அடங்கவில்லை.

"ஏன் இப்டி ஒட்டிகினு போற? இடிச்சிடப் போற. கொஞ்சம் தள்ளித்தான் போயேன்," என்றாள் லாவண்யா.

"தள்ளிப் போனா வண்டி தெரியல," என்றார் சம்பத்.